சிரிக்கிற மாதிரி சொல்லாதப்பா

என் மகளுக்கு இருட்டைக் கண்டு பயமில்லை, பல்லியைக் கண்டு பயமில்லை, கணக்குப் பரீட்சைக்குக்கூட அவ்வளவாகப் பயமில்லை. அவள் பயப்படுவதெல்லாம் என் வாய்க்குத்தான்.

அதில் நியாயம் இருக்கிறது. சிதம்பரத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். வருகிற ஆளை ஒருமுறை சிரிக்க வைத்துவிட்டால் எந்த பிரேம் அந்த முகத்துக்குப் பொருந்தும் என்று தெரிந்துவிடும். அதனால் வாயை மூடாமல் இருப்பது எனக்குத் தொழில். வீடு கடலூரில். தினமும் போகவர பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடமும் அதே தொழில்தான். சொந்தக்காரர்கள் கல்யாணத்தில் சாப்பாடு முடிந்ததும் பிளாஸ்டிக் நாற்காலிகளை என்னைச் சுற்றி வளைத்துப் போட்டுக்கொண்டு, "மாமா, அந்தக் காதுக் கதையச் சொல்லுங்க" என்பார்கள். நானும் இரண்டு தடவை வேண்டாம் என்றுவிட்டு ஆரம்பிப்பேன்.

காதுக் கதை இவ்வளவுதான். என் மகள் தூங்கவேண்டுமென்றால் என் இடது காதுமடலைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடித்து, இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து, வெற்றிலையில் சுண்ணாம்பு தடவுகிற மாதிரி தேய்க்க வேண்டும். தூக்கம் வந்ததும் கை விடும். கைக்குழந்தையிலிருந்து இதுதான் ஏற்பாடு. நான் கழுத்தைக் கோணிக்கொண்டு படுத்திருப்பதை நாற்காலியிலேயே நடித்துக் காட்டுவேன். ஒரு காது மட்டும் நீண்டுபோய்த் தொங்குவதாகவும், அதனால் கண்ணாடிக்காரனான நானே கண்ணாடி போட்டால் ஒரு பக்கம் இறங்குவதாகவும் சொல்வேன். கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும். ஆறு வயதில் அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள். இப்போது பத்து வயது. கடைசியாகப் போன கல்யாணத்தில், நான் ஆரம்பித்ததும் எழுந்து பந்தி நடக்கும் இடத்துக்குப் போய், இலை எடுக்கிறவர்களை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றாள். அதை நான் கவனித்தேன். கவனித்தும் கதையை முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

இந்த நிலையில் பள்ளிக்கூடத்திலிருந்து வாட்ஸ்அப்பில் தகவல் வந்தது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள், ஆளுக்கு அப்பாவோ அம்மாவோ ஒருவருடன், குமராட்சிக்கு அந்தப் பக்கம் கொள்ளிடக் கரையில் ஒரு தென்னந்தோப்பில் ஒரு ராத்திரி கூடாரம் போட்டுத் தங்கவேண்டுமாம். என் மனைவி போவதாகத்தான் இருந்தது. அவள் நர்ஸ். கடைசி நேரத்தில் டியூட்டி மாறிவிட்டது.

"அப்பாவா?" என்றாள் மகள், சாம்பாரில் என்னவோ மிதப்பதைப் பார்த்தவள் மாதிரி.

"ஏன், அப்பாவுக்கு என்னா கொறச்சல்?" என்றேன்.

"கொறச்சல் ஒண்ணுமில்ல. எல்லாம் ஜாஸ்தி."

அன்று மாலை என்னை மொட்டைமாடிக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பேசினாள். அவளுடைய வகுப்பை நடத்துவது டீச்சர் இல்லை, ஒரு பெண்பிள்ளை. யார் யார் பக்கத்தில் உட்காரவேண்டும், யாருக்கு என்ன பட்டப்பெயர் என்பதெல்லாம் அவள் முடிவு. டூர் போன பஸ்ஸில் ஒரு பையன் தூக்கத்தில் விரல் சூப்பியதைப் பார்த்துவிட்டாள். அவனுக்கு 'பாப்பா' என்று பெயர் வைத்தாள். இப்போது வேன் டிரைவர்கூட அவனை அப்படித்தான் கூப்பிடுகிறாராம்.

"அவளும் நானும் ஒரே டென்ட்டுப்பா. அவங்க அப்பா வராரு. நீ அங்க அந்தக் கதையச் சொல்லக் கூடாது. சத்தியம் பண்ணு."

"சரி. ராத்திரி காது?"

"காதும் வேணாம். நான் சமாளிச்சிக்கிறேன்."

சத்தியம் செய்துகொடுத்தேன். ஆனால் எனக்கே வேறு கவலைகள் இருந்தன. மேலே ஓடோ சிமெண்டோ இல்லாத இடத்தில் நான் தூங்கியதில்லை. கடலூர்க்காரனுக்கு வானம் கறுத்தாலே புயல்தான். துறைமுகத்தில் எத்தனாம் நம்பர் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டுத்தான் எங்கள் ஊரில் துணி காயப்போடுவோம். அந்தப் பழக்கத்தில், முகாமுக்கு மூட்டை கட்டு என்றால் என் கை தானாகப் புயலுக்குக் கட்டிவிட்டது. மெழுகுவர்த்தி, பாலிதீன் பையில் சுற்றிய தீப்பெட்டி, ரொட்டி, பால்பவுடர், நைலான் கயிறு, காலிச் சாக்குகள், டார்ச், அந்த டார்ச் எரியாவிட்டால் இன்னொரு டார்ச். தோப்பில் தேங்காய் விழுமே என்று ஹெல்மெட். எல்லாவற்றுக்கும் அடியில், ஈரம் படாமல் இரண்டு கவர் போட்டு, ரேஷன் கார்டு.

மனைவி பையைத் துழாவி அதை வெளியே எடுத்துப் பார்த்தாள்.

"ஏங்க, ஆத்தங்கரையில சக்கரை போடுறாங்களா?"

"வெள்ளம் வந்தா நிவாரணத்துக்கு இதுதானே முதல்ல கேப்பான்?"

"மழையே பேயலையே, எங்கேர்ந்துங்க வெள்ளம்?"

நான் கார்டை மட்டும் திரும்பப் பையில் வைத்துவிட்டேன்.

பள்ளி பஸ் சிதம்பரம் வழியாகப் போனது. பூட்டிய என் கடையைத் தாண்டும்போது, இறங்கி உள்ளே போய் ஷட்டரை இழுத்து விட்டுக்கொள்ளலாம் போலிருந்தது. மகள் அதைத் தெரிந்துகொண்டவள் மாதிரி என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். குமராட்சி தாண்டியதும் அறுவடை முடிந்த வயல்களில் உளுந்து முளைத்திருந்தது. அதற்கு அப்பால் கரை, அதில் தோப்பு. நல்ல இடம்தான். நான் முதலில் பார்த்தது மேலே எத்தனை தேங்காய் என்பதை.

ஒரு கூடாரத்துக்கு இரண்டு குடும்பம். எங்கள் கூடாரப் பங்காளி ஒரு பெரிய உருவம். தேவனாம்பட்டினத்துக்காரர். அவருடைய அப்பா கடலுக்குப் போனவர், இவர் படித்து பேங்க்கில் இருக்கிறார். குரல் மட்டும் கரையிலிருந்து படகைக் கூப்பிடுகிற குரல். அவர் பெண்தான் வகுப்பின் தலைவி. இரட்டைச் சடை, பளபளக்கும் பாதரட்சை, பெரிய மனுஷி நடை. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஹலோ அங்கிள்" என்றாள். எனக்கே பட்டப்பெயர் விழுந்துவிடுமோ என்று இருந்தது.

அவர்கள் இரண்டு பேரும் தண்ணீர் எடுக்கப் போன நேரத்தில் நான் கூடாரத்தைப் பத்திரப்படுத்தினேன். கூடாரத்தோடு வந்த முளைகளைப் பார்த்தால் பல்குத்தும் குச்சி மாதிரி இருந்தன. நைலான் கயிற்றால் நான்கு பக்கமும் நான்கு தென்னை மரங்களுக்கு இழுத்துக் கட்டினேன். சாக்குகளில் ஆற்றுமணலை அள்ளிப்போட்டுச் சுற்றிலும் அணைகொடுத்தேன். தகரக் கூரையைப் புயலுக்கு முந்தின நாள் எப்படிக் கட்டுவோமோ அப்படி. முடித்து நிமிர்ந்தபோது, கயிற்றில் தடுக்கி ஒரு பையன் விழுந்திருந்தான். முகாமை நடத்தும் பி.டி. மிஸ் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு என் முன்னால் நின்றார்.

"சார், இது மாசி மாசம். மாசியில எந்தப் புயல் சார் வரும்?"

"வராதுன்னு அதுக்கும் தெரியணுமே மிஸ்."

தேவனாம்பட்டினத்துக்காரர் திரும்பி வந்து கயிறுகளை ஒவ்வொன்றாகச் சுண்டிப் பார்த்தார். "சார், போட்டக் கட்டுற மாதிரி கட்டியிருக்கீங்க. இனி இந்த டென்ட்டு எங்கியும் போவாது. நாமளும் உள்ள போவ முடியாது."

உண்மைதான். ஒரு கயிறு வாசலுக்குக் குறுக்கே போயிருந்தது. தலைவி கைகொட்டிச் சிரித்தாள். "ஏய், உங்கப்பா செம காமெடிடீ." என் மகள் சிரித்துவைத்தாள், பல் மட்டும் தெரிகிற சிரிப்பு. நான் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வாசல் கயிற்றை அவிழ்த்தேன். உள்ளே நுழைந்ததும் ஒரு தவளை வெளியே வந்தது. நானும் வெளியே வந்தேன், அதைவிடக் கொஞ்சம் வேகமாக.

பொழுது இறங்கும்வரை எல்லாம் நன்றாகவே போனது. பிள்ளைகள் காய் நறுக்கினார்கள், பெரியவர்கள் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு பொங்கல் கிளறினோம். ஆற்றுப் பக்கமிருந்து குளிர் ஏறிவந்ததும், எதிர்பாராத ஒருத்தி உடைந்துபோனாள். தலைவி தன் பையின் மேல் போய் உட்கார்ந்துகொண்டாள். அவள் அப்பா கூப்பிட்டார், வரவில்லை. மறுபடி கூப்பிட்டார்.

"அம்மாகிட்ட போவணும்" என்றாள். பிறகு அழுகை. விம்மி, மூக்கு ஒழுகி, மூன்று வயதுக் குழந்தை அழுகிற அழுகை.

பிள்ளைகள் கூடிவிட்டார்கள். அந்த விரல் சூப்பிய பையன்தான் பின்னால் நின்று, மெதுவாக, ருசி பார்க்கிறவன் மாதிரி, "பாப்பா" என்றான். இன்னொருவன் கொஞ்சம் சத்தமாகச் சொன்னான். அப்புறம் அது சுற்றி வந்தது. என் மகள் மட்டும் சொல்லவில்லை. அவள் முகத்தைப் பார்த்தேன். சந்தோஷமும் இல்லை. தன் முறை அடுத்தது என்று நிற்கிறவளின் முகம்.

பி.டி. மிஸ் விசிலடித்து எல்லோரையும் நெருப்பைச் சுற்றி உட்கார வைத்தார். அந்தப் பெண் முழங்காலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவள் அப்பா செல்போனை வைத்துக்கொண்டு தோப்பு ஓரத்தில் டவர் தேடினார். சிதம்பரத்திலிருந்து கார் வருமா என்று விசாரிப்பது எல்லோருக்கும் கேட்டது, அந்தக் குரலுக்குப் போனே தேவையில்லை.

"சார், நீங்க நல்லாப் பேசுவீங்களாமே. ஏதாவது சொல்லுங்க, பிள்ளைங்க மூடு மாறட்டும்" என்றார் மிஸ்.

எழுந்து நின்று ரேஷன் கார்டைப் பற்றிச் சொன்னேன். ஹெல்மெட்டைப் பற்றிச் சொன்னேன். தவளையைக் கண்டதும் நான் 'சார், இந்தப் பக்கம் வழியில்ல' என்று அதனிடம் சொன்னதாகச் சொன்னேன். அப்படி நான் சொன்னேனா என்பது எனக்கே சரியாக ஞாபகமில்லை. அம்மாக்கள் எல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பிள்ளைகள் உருண்டார்கள். அந்தப் பெண்ணின் முதுகு மட்டும் குலுங்கியது, சிரிப்பில் இல்லை.

அவளுக்குச் சொல்லவேண்டிய கதை என்னிடம் இருந்தது. அது தொண்டைவரை வந்துவிட்டது. பத்து வயதில் இன்னும் காதைப் பிடித்துக்கொண்டு தூங்குகிற ஒருத்தி இதே வட்டத்தில் உட்கார்ந்திருக்கிறாள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இந்தப் பெண் நிமிர்ந்துவிடுவாள். எனக்குக் கைதட்டலும் கிடைக்கும். நெருப்புக்கு அந்தப் பக்கம் என் மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பந்தியில் இலை எடுப்பதை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்ற அதே கண். கதையை விழுங்கினேன். "அவ்ளோதாங்க" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். அவ்வளவு சீக்கிரம் நான் உட்கார்ந்து என் மனைவிகூடப் பார்த்ததில்லை.

கார் ஏற்பாடாகிவிட்டது என்று தேவனாம்பட்டினத்துக்காரர் வந்து சொன்னார். அந்தப் பெண் எழுந்து பையை எடுத்தாள். அப்போது என் மகள் வட்டத்தைச் சுற்றிக்கொண்டு என்னிடம் வந்தாள். குனிந்து காதருகில் சொன்னாள்.

"அந்தக் கதையச் சொல்லு."

"எந்தக் கதை?"

"தெரியாத மாதிரி நடிக்காத."

"நெசமாவா சொல்ற? அப்புறம் என்னைத் திட்டக் கூடாது."

"சொல்லு. ஆனா சிரிக்கிற மாதிரி சொல்லாதப்பா."

"பின்ன எப்படிச் சொல்றது?"

"நடந்த மாதிரி சொல்லு" என்றுவிட்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.

மறுபடி எழுந்தேன். கார்க்காரர் வரும்வரை ஒரு கதை கேட்கலாம் என்றேன். அந்தப் பெண் பையைக் கீழே வைக்காமல் நின்றாள். இந்தக் கதையில் எங்கே நிறுத்தினால் சிரிப்பு வரும், எங்கே கழுத்தைக் கோணினால் கைதட்டுவார்கள் என்று எல்லாம் தெரியும். அதையெல்லாம் எடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. நடித்துக் காட்டத் தூக்கிய கையை இறக்கினேன். வேறு வழியில்லாமல், கல்யாண வீடுகளில் நான் சொல்லாத இடத்திலிருந்து ஆரம்பித்தேன்.

என் மகள் நடக்கத் தொடங்காத வயதில், விடாமல் பெய்த ஒரு மழை. மனைவி ஆஸ்பத்திரியில் மாட்டிக்கொண்டாள், வீட்டுக்கு வர வழியில்லை. தெருத் தண்ணீர் வாசற்படி ஏறி உள்ளே வந்தது. கரண்ட் போய்விட்டது. கட்டில்மேல் பெஞ்சைத் தூக்கிப் போட்டு, அதன்மேல் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். குழந்தை அழுதது. பாட்டுப் பாடினேன், வேடிக்கை காட்டினேன், இருட்டில் யாருக்கு வேடிக்கை. தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று காலைத் தொங்கவிட்டுப் பார்ப்பேன், உடனே காலை எடுத்துவிடுவேன். பால்புட்டியை அவள் வாயில் வைக்கப் போனால் என் கை நடுங்கி, புட்டி மூக்கிலும் கன்னத்திலும் இடித்தது.

"அப்ப அவ கை என் மூஞ்சில எதையோ தேடுச்சு" என்றேன். "காது கெடச்சுது. புடிச்சுக்கிட்டா. அழுகை நின்னுபோச்சு. அவளுக்கு மட்டும் இல்ல, எனக்கும் கை நடுக்கம் நின்னுது. அவ தூங்கிட்டா. நான் தலைய எடுக்கல. விடியிற வரைக்கும் எடுக்கல. எடுத்தா தண்ணி ஏறிடும்னு எனக்குப் பட்டுது. அன்னியிலேர்ந்து தெனமும் அப்படித்தான் தூங்குறா. இதோ, இவதான்."

முடிந்துவிட்டது. ஒரு ஆள்கூடச் சிரிக்கவில்லை. இந்தக் கதையைச் சொல்லி நான் சிரிப்பு வாங்காதது அதுதான் முதல் தடவை. ஏதாவது ஒன்றைச் சேர்த்துச் சிரிக்க வைத்துவிடலாமா என்று வாய் துடித்தது. மகள் என் வேட்டி ஓரத்தைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

நின்றுகொண்டிருந்த பெண் மூக்கை உறிஞ்சிவிட்டுக் கேட்டாள். "எந்தக் காது அங்கிள்?"

"எடது."

அவள் என் மகளைப் பார்த்தாள். "இப்பவுமாடி?"

"இப்பவும்தான்."

"நேத்திக்கூட?"

"நேத்திக்கூட."

எல்லோரும் என் மகளையே பார்த்தார்கள். அவள் தலையைக் குனியவில்லை. நான்தான் குனிந்துகொண்டேன். அந்தப் பெண் மெதுவாகப் பையைக் கீழே வைத்தாள். பிறகு தன் அப்பாவிடம், தனக்கு மட்டும் சொல்லிக்கொள்கிற மாதிரிச் சொன்னாள்:

"அம்மா நைட்டிய மறந்துட்டு வந்துட்டோம். அது தலைக்கு வச்சாத்தான் எனக்குத் தூக்கம் வரும்."

"அட அதாடி?" என்றார் அவர். "நைட்டிக்கா நான் கார் புடிச்சேன்?" தோப்பு முழுக்க எதிரொலித்தது. இந்தத் தடவை சிரிப்பு வந்தது, அந்தப் பெண்ணுக்கும் சேர்த்து.

என் மகள் கூடாரத்துக்கு ஓடி, என் மூட்டையைக் கவிழ்த்து, எதற்கும் இருக்கட்டும் என்று நான் திணித்திருந்த மனைவியின் பழைய நூல்புடவையை எடுத்து வந்தாள். "இது எங்கம்மாவுது. பரவால்லியா?" அந்தப் பெண் முகர்ந்து பார்த்து, சோப்பு வேறு என்றாள். "கண்ண மூடிக்கிட்டா ஒண்ணும் தெரியாது, வா" என்று என் மகள் அவள் கையைப் பிடித்து அழைத்துப் போனாள். காரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

கூடாரம் பெண்களுக்கு என்று உத்தரவாகிவிட்டது. நாங்கள் இரண்டு அப்பாக்களும் வெளியே தார்ப்பாயில் மணல்சாக்கைத் தலைக்கு வைத்துப் படுத்தோம். பனி இறங்கியது. ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டேன், ஏன் என்று கேட்காதீர்கள், காது வலித்தது. உள்ளே இருந்து என் மகளின் குரல் வந்தது. யாரைப் போலப் பேசுகிறாள் என்று கொஞ்ச நேரம் பிடிபடவில்லை. என்னைப் போலப் பேசிக்கொண்டிருந்தாள்.

"'மேல பாரு, அந்தத் தேங்காய்க்கு நம்ம மேல ஒரு கண்ணு'ன்னாருடி எங்கப்பா. பஸ்ஸுல டிரைவர்கிட்ட போயி, 'பாலம் கெட்டியா இருக்குதா சார்'னு கேட்டாரு. டிரைவர் சொல்றாரு, 'இன்னும் பாலமே வரலை சார், இது ஸ்பீடு பிரேக்கர்.'"

அந்தப் பெண் சிரித்துச் சிரித்து இருமினாள். இடம் பார்த்து நிறுத்துகிறாள் என் மகள், இழுக்க வேண்டிய இடத்தில் இழுக்கிறாள். ஒரு மனுஷனின் பயமெல்லாம் வரிசையாக வெளியே வந்துகொண்டிருந்தது, அதை அவனே படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தான். தடுக்கவும் முடியாது. இப்படித்தான் இருந்திருக்குமா அவளுக்கு.

"உங்க பொண்ணு நல்லாப் பேசுது சார்" என்றார் பக்கத்தில் படுத்திருந்தவர்.

உள்ளே சிரிப்பு அடங்கியதும் அந்தப் பெண் கேட்டாள். "ஏய், அந்த வெள்ளத்துல உங்கப்பா அழுதாராடி?"

நான் அழுதிருந்தேன். மறுநாள் மனைவி இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து வந்து கதவைத் தட்டியபோது, குழந்தையை அவள் கையில் கொடுத்துவிட்டு, வாய்விட்டு, நெடுநேரம். அதை நெருப்புக்கு முன்னால் நான் சொல்லவில்லை. மகளுக்கு அவள் அம்மா எப்போதோ சொல்லியிருக்கிறாள். அவளுக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும். மற்றதையெல்லாம் சொல்லிவிட்டவள் இதையும் சொல்லலாம். நல்ல இடம், நல்ல சிரிப்பு வரும். நானாக இருந்தால் விட்டிருக்க மாட்டேன்.

உள்ளே யாரோ புரண்டு படுக்கிற சத்தம் கேட்டது.

"அதெல்லாம் சொல்ல மாட்டேன்" என்றாள் என் மகள். "தூங்குடி."

நான் புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

"என்னா சார், கொசுவா?" என்றார் அவர்.

"ஆமாங்க" என்றேன். "ஆத்தங்கரையில்ல, ஜாஸ்தி."